பைக் மீனுக்கு ஒரு முழக் கம்பி

கோயம்புத்தூர்க்காரனுக்கு மீன் பிடிப்பதைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால், ஒன்றும் தெரியாது என்பதுதான் நேர்மையான பதில். எனக்குத் தெரிந்தது பம்பு. 2006-இல் கம்பெனி என்னைச் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பியதும் பம்புக்காகத்தான். நாங்கள் வாங்கவிருந்த பெரிய பம்பு ஒன்றைச் சூக் நகரத்துக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஓட்டிப் பார்த்து, குறை இருந்தால் எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேண்டும். குறை கண்டுபிடிப்பதில் எனக்கு ஆபீசில் நல்ல பெயர் உண்டு. வீட்டில் அதே காரணத்துக்காக வேறு பெயர்.

முதல் வாரம் முழுவதும் வேலை. சோதனைக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். ஒவ்வொரு ஸ்பானருக்கும் சுவரில் அதன் நிழலைப் போல வண்ணத்தில் ஓர் இடம் வரைந்து வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பட்டறையில் ஸ்பானரைத் தேடுவதே தனி உத்தியோகம். இருந்தும் நான் விடவில்லை. பெயர்ப் பலகை அரை மில்லிமீட்டர் கோணல், அழுத்தமானியின் சான்றிதழில் ஒரு பக்கம் இல்லை என்று ஐந்து நாளில் பதினொரு குறை எழுதினேன். ஃபோர்மேன் ஒவ்வொன்றையும் வாசித்துத் தலையாட்டிவிட்டுச் சரிசெய்தார். முகம் மட்டும் சனிக்கிழமை எப்போது வரும் என்று கேட்டது.

சாப்பாடு கொஞ்சம் சோதித்தது. அப்போது புரட்டாசி மாதம். எங்கள் வீட்டில் புரட்டாசியில் கறி, மீன் கிடையாது. தொழிற்சாலைக் கேன்டீனில் அதைச் சொன்னதும், பாவம், எனக்கென்று தினமும் அவித்த உருளைக்கிழங்கும் உருக்கிய சீஸும் வைத்தார்கள். சீஸின் வாசனை சட்டையில் ஏறி, அறைக்கும் கூடவே வந்தது. பெட்டியில் கொண்டு போயிருந்த பருப்புப் பொடி வியாழக்கிழமையோடு தீர்ந்தது.

சனிக்கிழமை சூரிச் நகரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ரயிலில் ஏமாந்தேன். அங்கே சில ரயில்கள் வழியில் இரண்டாகப் பிரிந்து, முன்பாதி ஓர் ஊருக்கும் பின்பாதி வேறோர் ஊருக்கும் போய்விடுகின்றன. ஒலிபெருக்கியில் சொன்னார்கள், எனக்குப் புரியவில்லை. ஜன்னலோரம் கிடைத்த மகிழ்ச்சியில் உட்கார்ந்திருந்தவன், ஆராவ் என்ற ஊரில் போய் இறங்கினேன். நிமிடம் தவறாமல் ஓடுகிற நாட்டில் நிமிடம் தவறாமல் தப்பான ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அடுத்த ரயிலுக்கு நேரம் இருந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே நடந்தபோது ஒரு கடை வாசலில் முருங்கைக்காய்க் கட்டைப் பார்த்தேன். உள்ளே கறிவேப்பிலை, நல்லெண்ணெய், இடியப்ப மாவு. கடைக்காரரிடம், "ஏனுங்க, பருப்புப் பொடி இருக்குங்களா?" என்று கேட்டதும், மாவுப் பையோடு நின்றிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணை இந்தியாவோ?"

"ஆமாங்க. கோயம்புத்தூர். தப்பான ரயில்ல வந்துட்டனுங்க."

அவர் சிரிக்கவில்லை. பின்பாதியில் ஏறிவிட்டீர்களா என்று கேட்டார். தானும் வந்த வருடத்தில் இரண்டு தடவை அப்படிப் போனதாகச் சொல்லி, தானும் சூக்தான், சேர்ந்தே போகலாம் என்றார். பெயர் யோகன். மட்டக்களப்பு. அகதியாக வந்து பதினேழு வருடம். சூக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. ரயிலில் வரும்போது ஏரியைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பிறகு மீனைப் பற்றி மட்டும்தான் பேசினார்.

அந்த ஏரியில் ஹெக்ட் என்று ஒரு மீன். இங்கிலீஷில் பைக். நம்மூரில் கிடையாது, நம்மவருக்குப் புரிவதாக இருந்தால் கடலில் இருக்கும் சீலாவை நினைத்துக்கொள்ளலாம் என்றார். நீளமான உடம்பு, வாத்து அலகு போல வாய், அதற்குள் உள்பக்கம் சாய்ந்த பல். நைலான் நரம்பை அவர் தங்கூசி என்றார். அந்தத் தங்கூசியை ஹெக்ட் ஒரே கடியில் அறுத்துவிடும். அதனால் தங்கூசிக்கும் தூண்டிலுக்கும் நடுவில், பல் படுகிற இடத்துக்கு மட்டும், ஒரு முழ நீளத்துக்குக் கம்பி கட்ட வேண்டும். அதற்கு லீடர் என்று பெயர். மூன்று வருடமாக முயல்கிறார், இன்னும் ஒரு ஹெக்ட்கூடக் கிடைத்ததில்லை.

அடுத்த வியாழக்கிழமை அவர் வீட்டில் சாப்பாடு. புரட்டாசி என்று நான் சொல்லியிருந்ததால் அவருடைய மனைவி சாந்தி இடியப்பமும் சொதியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் செய்திருந்தார். பத்து நாள் உருளைக்கிழங்குக்குப் பிறகு அந்தச் சொதியைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன், நான்கு தடவை வாங்கினேன்.

சாப்பிட்டு முடிந்ததும் யோகன் ஒரு துணிப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே உள்ளங்கை நீளத்துக்கு மரத்தில் செதுக்கிய மீன். முதுகு சிவப்பு, வயிறு வெள்ளை, வண்ணம் அங்கங்கே உதிர்ந்திருந்தது. அடியில் இரண்டு மும்முனைத் தூண்டில்கள். இல்லத்தில் இருக்கும் ஹூபர் என்ற கிழவருடையது, அவரே இளவயதில் செதுக்கியது என்றார் யோகன். நடமாட முடியாமல் இல்லத்துக்கு வந்தபோது தன் வீட்டிலிருந்து அவர் கொண்டு வந்த மிகச் சில பொருள்களில் ஒன்று. கட்டிலுக்கு எதிரே ஆணியில் தொங்கும். இன்னும் ஒரே ஒரு தடவை அது நீந்த வேண்டும், எடுத்துக்கொண்டு போ என்று மாதக்கணக்காகக் கேட்டிருக்கிறார். இரண்டு நிபந்தனை: தூண்டில்களில் மீன் வாயிலிருந்து கழலாமல் பிடிக்கிற எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட வேண்டும், மீனுக்கு வீண் வதை கூடாது. கட்டாயம் எஃகுக் கம்பி கட்ட வேண்டும்.

சாந்தி பாத்திரத்தை எடுத்துக்கொண்டே சொன்னார்: "அண்ணை, நீங்களாவது சொல்லுங்கோ. அங்க இருக்கிற ஆக்களின்ர சாமான் ஒண்டும் வேலைக்காரர் எடுக்கக் கூடாது. ஷெஃபினுக்குத் தெரிஞ்சால் இவருக்கு வேலை இல்லை."

ஷெஃபின் என்றால் இல்லத்தின் தலைவி. வேலை மட்டுமில்லை. யோகன் சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். விசாரிக்கிறவர்கள் முதலாளியிடம்தான் முதலில் கேட்பார்களாம். இந்த நேரத்தில் திருட்டு என்று ஒரு வரி விழுந்தால் பதினேழு வருடமும் தண்ணீரில் போகும். யோகன் தலையைக் குனிந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான், திங்கட்கிழமை ஆணியில் மாட்டிவிடுவேன் என்றார். கிழவர் கேட்ட விதத்தில் தன்னால் மறுக்க முடியவில்லை என்றும் சொன்னார்.

சனிக்கிழமை லீடர் வாங்கப் போனோம். அவரிடம் இருந்த பழையதெல்லாம் துருப்பிடித்துச் சிலும்பியிருந்தது. கடையில் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட ஓர் அம்மாள். முதலில் மரமீனை வாங்கி உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். பிறகு மேசையில் நான்கு பொட்டலங்களை வரிசையாக வைத்து, மகனுக்குப் பெண் பார்ப்பது போல ஒவ்வொன்றுக்கும் குணம் சொன்னார். யோகன் எனக்கு மொழிபெயர்த்தார்.

முதலாவது, தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத தடித்த நரம்பு. தெளிந்த தண்ணீருக்கு நல்லது. ஆனால் பெரிய மீனின் பல்லுக்கு உத்தரவாதம் இல்லை. இரண்டாவது, ஏழு இழை எஃகைத் திரித்தது. நூல் போல வளையும், மடங்காது. மூன்றாவது டைட்டானியம். எப்படி வளைத்தாலும் தானாக நிமிரும், விலைதான் நிமிராது. நான்காவது ஒற்றை எஃகுக் கம்பி. பலம் உண்டு, ஆனால் ஒரு தடவை மடங்கினால் தூக்கி எறிந்துவிட வேண்டும். மரமீன் லேசானது, கனமான கம்பி கட்டினால் தலை கவிழ்ந்துவிடும். அதனால் ஏழு இழையில் மெலிந்ததாக ஒரு முழம், முனையில் சின்னக் கொக்கி, இதுவே போதும் என்று முடித்தார். யோகன் பணம் எடுக்கப் பையில் கையை விட்டார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

பொட்டலத்தின் விலையை ரூபாயாக மாற்றிப் பார்க்கும் வியாதி அந்த நாளில் எனக்கு இருந்தது. ஒரு முழக் கம்பிக்கு இவ்வளவா என்று வயிறு எரிந்தது. சோதனைக் கூடத்தில் போல்ட்டுகள் கழலாமல் கட்டுகிற துருப்பிடிக்காத எஃகுக் கம்பி சுருள் சுருளாகக் கிடக்கிறது; கேட்டால் ஒரு துண்டு தருவார்கள்; நானே குறடால் முறுக்கிக் கண்ணி போட்டுத் தருகிறேன், இதைவிட உறுதியாக இருக்கும் என்றேன். அம்மாள் மடங்குவதைப் பற்றி மறுபடி ஏதோ சொன்னார். வியாபாரத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

யோகன் என்னையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து சாப்பிட்ட விருந்தாளி, வயதில் மூத்தவன், அதற்கு மேல் எஞ்சினியர். அவரால் எப்படி மறுக்க முடியும்? "நீங்கள் எஞ்சினியர். உங்களுக்குத் தெரியாததோ," என்று பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அன்று மத்தியானமே, விடுமுறையிலும் எனக்காகக் கூடத்தைத் திறந்து ஃபோர்மேன் ஒரு துண்டு கொடுத்தார். இரண்டு முனையிலும் ஐந்து சுற்று முறுக்கி, கண்ணி போட்டு, கூடத்து எடைக்கற்களைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். முப்பது கிலோவுக்கு அசையவில்லை. எந்த ஏரியில் முப்பது கிலோ மீன் இருக்கிறது? மிகுந்த மண்டைக்கனத்தோடு தூங்கப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாடகைப் படகு. யோகனிடம் மீன்பிடி அனுமதிச் சீட்டு இருந்தது. எனக்கு இல்லை, துடுப்புப் போடுவது என் வேலை. புரட்டாசியில் சாப்பிடத்தான் தடை, துடுப்புப் போடத் தடை இல்லை என்று சமாதானம் செய்துகொண்டேன். சாந்தி கொடுத்துவிட்ட ரொட்டியும் சம்பலும் பத்து மணிக்கே காலி. மேற்கிலிருந்து காற்று. நாணல் ஓரமாகப் படகை நகர்த்த, யோகன் மரமீனை வீசி, மெதுவாகச் சுற்றி இழுத்தார். தண்ணீருக்குள் அது வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் ஆணியில் தொங்கியது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பதினொன்றரைக்குப் பாசிக்கொடியில் சிக்கியது. விடுவித்து மேலே எடுத்தபோது யோகன் கம்பியை விரலால் தடவினார்.

"அண்ணை, இதில மடிஞ்சு போச்சு."

மரமீனுக்கு நான்கு விரல் மேலே, கம்பி முழங்கை போல மடங்கியிருந்தது. நான் குறடை எடுத்து, இரண்டு பக்கமும் பிடித்து நேராக நிமிர்த்தினேன்.

"ஒண்ணும் ஆகாதுங்க. போடுங்க."

இதைச் சொன்னவன் யார்? ஊரில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பையன்கள் மடங்கிய கம்பியை நிமிர்த்திப் போட்டால், நாலு பேர் முன்னால் கத்துகிறவன். மடங்கிய இடத்தில் உலோகம் செத்துவிடும் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவன். ஏரியில் உட்கார்ந்ததும் அதெல்லாம் எங்கே போனதென்று இன்றுவரை தெரியவில்லை.

மூன்றாவது வீச்சில் கடித்தது. படகுக்கு அருகிலேயே, பச்சையில் மஞ்சள் புள்ளி போட்ட ஒரு நீண்ட முதுகு புரண்டது. கை நீளத்துக்குக் குறையாது. தூண்டில் தடி வில்லாக வளைந்தது. யோகன் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டு விட்டு இழுத்தார். மீன் அடியில் போய், திரும்பி, ஒரே ஒரு தடவை தலையை உதறியது. தடி நிமிர்ந்துவிட்டது.

நரம்பைச் சுற்றி எடுத்தார். முனையில் என் கம்பியில் பெரும்பகுதி இருந்தது. நிமிர்த்திய இடத்தில் அறுந்து, கீழே நான்கு விரல் கம்பியும் மரமீனும் இல்லை.

யோகன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பரவாயில்லை அண்ணை," என்றார். என் கஞ்சத்தனத்துக்காகவும் வாய்க்காகவும் இன்னொரு மனிதனின் சோற்றில் மண் விழுந்துவிட்டது. அதே மாதிரி வேறொன்று வாங்கி மாட்டிவிடலாமா என்று கேட்டேன். ஹூபர் ஐயாவுக்குக் கண் நல்லாய்த் தெரியும் என்றார்.

திங்கட்கிழமை சாயங்காலம் நானும் கூடவே இல்லத்துக்குப் போனேன். யோகன் வேண்டாம் என்றார். கம்பி செய்தது நான், சொல்ல வேண்டியதும் நான்தான் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். ஹூபர் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். எதிர்ச் சுவரில் ஆணி மட்டும். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் தமிழில் சொன்னேன். யோகன் அதை ஜெர்மனாக்கும்போது என் பழியைக் குறைக்கப் பார்ப்பது குரலிலேயே தெரிந்தது. முழுசாகச் சொல்லுங்கள் என்றேன்.

கிழவரின் முகம் சிவந்தது. மரமீனைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. வாயில் இரண்டு தூண்டிலோடு அந்த மீன் இப்போது என்ன பாடுபடுகிறது என்றுதான் கேட்டார். எதிர்முள்ளை நசுக்கினாயா? நசுக்கினேன் என்றார் யோகன். இரண்டையும்? இரண்டையும். அப்படியானால் ஒரு நாளில் உதறித் துப்பியிருக்கும், மரம் மிதக்கும், காற்று எந்தப் பக்கம் என்றார். மேற்கு என்றோம். கிழக்குக் கரை நாணலில் தேடுங்கள் என்றார்.

அப்போது கதவில் ஷெஃபின் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. வெறும் ஆணியைப் பார்த்தார், யோகனைப் பார்த்தார். ஹூபர் உரத்த குரலில், நான்தான் கொடுத்தேன், என் பொருள், நான் இன்னும் சாகவில்லை என்றார். அந்த அம்மாள் கோபப்படவில்லை. விதி விதிதான் என்றார். புதன்கிழமை காலை கிழவரின் அண்ணன் மகள் வருகிறாள், வெறும் ஆணியைப் பார்த்தால் கேட்பாள். அதற்குள் அது ஆணியில் இருந்தால், தான் எதையும் பார்க்கவில்லை என்று விட்டுவிடுவாராம். இல்லாவிட்டால் புகார் எழுதித்தான் ஆக வேண்டும். யோகன் இதை எனக்கு மொழிபெயர்க்கும்போது குரல் அடங்கிப் போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை யோகனுக்கு மத்தியான வேலை. நான் பம்புக்குக் காலையில் லீவு சொல்லிவிட்டேன். ஃபோர்மேன் சந்தோஷமாகவே கொடுத்தார். கிழக்குக் கரையில் விடிந்ததிலிருந்து தேடினோம். யோகன் வடக்கிலிருந்து, நான் தெற்கிலிருந்து. நாணலின் அடியில் காற்று ஒதுக்கிய குப்பை: சுள்ளி, இறகு, பிளாஸ்டிக் பாட்டில், ஒரு குழந்தைச் செருப்பு. ஆபீஸ் பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் எலும்பில் குத்தியது. ஓர் அன்னம் இறக்கையை விரித்துச் சீறிக்கொண்டு என்னைத் துரத்தியது. நளன் கதையில் தூது போன அன்னம் என்று படித்து வளர்ந்தவனுக்கு அது கடிக்கும் என்று யார் சொன்னார்கள்?

பத்தரை மணி இருக்கும். சுள்ளிகளுக்கு நடுவே சிவப்பாக ஏதோ. பாட்டில் மூடி என்று நினைத்துத் தாண்டிவிட்டேன். பிறகு திரும்பி வந்தேன்.

மரமீன்தான். இரண்டு தூண்டிலும் இருந்தன. வெள்ளை வயிற்றில் புதிதாக வரிசை வரிசையாகப் பல் தடம். மூக்கில் என் நான்கு விரல் கம்பி, அறுந்த முனையோடு. நான் போட்ட சத்தத்தில் யோகன் ஓடிவந்தார். கையில் வாங்கிப் பார்த்தவர், அப்படியே கரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் நின்றுகொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் என் பேன்ட்டைப் பிழிந்தேன்.

போகிற வழியில் அந்தக் கடையில் யோகனுக்கு ஏழு இழைக் கம்பி மூன்று பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன். விலையை ரூபாயாக மாற்றவில்லை. ஈரப் பேன்ட்டைப் பார்த்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் பையில் போட்டுக் கொடுத்தார். அதுவே போதுமான கேள்வி.

ஹூபர் மரமீனைத் தடவித் தடவிப் பார்த்தார். பல் தடத்துக்குக் கட்டைவிரலை வைத்து அளந்தார். பிறகு குறடு கேட்டார். மூக்கிலிருந்த கம்பியை வெட்டி எடுத்து, யோகனிடம் மரமீனைக் கொடுத்து ஆணியில் மாட்டச் சொன்னார். கம்பித் துண்டை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். யோகன் சொன்னார்: "இது உங்கட சாமானாம், அண்ணை."

அதற்குப் பிறகு கிழவர் என்னைக் காட்டி ஏதோ கேட்டார். யோகன் பதில் சொன்னார். கிழவர் நீளமாக ஒன்று சொல்ல, இருவரும் சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன். ஒண்டுமில்லை என்றார் யோகன். நடைபாதையில் கேட்டேன். சும்மா கதைச்சவர் என்றார்.

புதன்கிழமை மத்தியானம் நான் விமானத்துக்குக் கிளம்பியபோது, வழியனுப்ப ஸ்டேஷனுக்கு யோகன் வந்தார். அண்ணன் மகள் வந்துவிட்டுப் போனாள், ஆணியில் மரமீன் இருந்தது, ஷெஃபின் தனக்குக் காலை வணக்கம் சொன்னார் என்றார். லீடர் பொட்டலங்களைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்திருந்தார். சாந்தி கொடுத்த பருப்புப் பொடியை என் கையில் திணித்தார். ரயில் வந்தது. எந்தப் பாதி விமான நிலையத்துக்குப் போகும் என்று மூன்று பேரிடம் கேட்டுவிட்டு ஏறினேன்.

கதவு மூடுவதற்கு முன் இன்னொரு தடவை கேட்டேன்: "இப்பவாவது சொல்லுங்க யோகன். அந்தப் பெரியவர் என்ன சொன்னாரு?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "நீங்கள் என்ன வேலை எண்டு கேட்டவர், அண்ணை. பம்பு எண்டன். நல்ல மனுசன், குளிருக்க தண்ணிக்க இறங்கித் தேடியிருக்கிறார். ஆனால் அவர் பாத்து ஓம் எண்ட பம்பு மட்டும் எங்கட ஊருக்கு வேண்டாம் எண்டு சொன்னவர்."

கதவு மூடிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே யோகன் சிரித்துக்கொண்டே கையாட்டினார். நானும் சிரித்தேன். ரயில் ஏரியை விட்டு விலகும்வரை சிரித்துக்கொண்டே இருந்தேன். பிறகு பையைத் திறந்து, பம்புக்கு நான் எழுதியிருந்த பதினொரு குறையையும் முதலிலிருந்து ஒரு தடவை படித்தேன். சட்டைப்பையில் அந்த நான்கு விரல் கம்பி தொடும்போதெல்லாம் குத்தியது.